ரோபோ கிட்டா, கோலமா, கூத்தா, கைபேசியா? பாடத்தோடு கலையும் தொழில்நுட்பமும் சேர எந்த வழி

பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் ஒரு தொகை தருகிறார்கள். அல்லது ஏதோ ஒரு நிறுவனம் நிதி தர முன்வருகிறது. பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. "ரோபோட்டிக்ஸ் லேப் வைக்கலாம், பிள்ளைகள் எதிர்காலத்துக்கு அதுதான் தேவை" என்கிறார் ஒரு பெற்றோர். "கூத்துக் கலைஞர் ஒருத்தரை அழைச்சுப் பயிற்சி கொடுக்கலாம்" என்கிறார் தமிழாசிரியர். "இருக்கிற கம்ப்யூட்டரையே நாம சரியாப் பயன்படுத்தலையே" என்கிறார் கணக்கு டீச்சர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனாலேயே கூட்டம் முடிவில்லாமல் கலைகிறது. இல்லாவிட்டால், முதலில் விலைப்பட்டியலோடு வந்த கம்பெனிக்குப் பணம் போகிறது.

கலையைப் பாடங்களுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது புதிய பேச்சு அல்ல. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005இலேயே அதைச் சொன்னது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. சிபிஎஸ்இ அதே ஆண்டில் கலை ஒருங்கிணைந்த செயல்திட்டத்தைக் கட்டாயமாக்கியது. எதற்காக என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எப்படி என்பதில்தான் பள்ளிகள் தடுமாறுகின்றன. அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளை மனதில் வைத்து, நான்கு வழிகளை இங்கே எடைபோட்டிருக்கிறேன். தனியார் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு மற்ற நான்கையும் விட எடை அதிகம்.

பாடம் தப்பினால் படைப்பும் தப்புமா? ஒளிச்சேர்க்கை பற்றிச் சார்ட் பேப்பரில் அழகாக ஒரு படம் வரைந்து, ஓரமெல்லாம் ஜிகினா ஒட்டியிருக்கிறாள் ஒரு மாணவி. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இடம் மாறியிருக்கின்றன. படம் அப்போதும் அழகாகத்தான் இருக்கும். பரிசு கூட வாங்கும். அங்கே கலை பாடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, பாடத்தைச் சுமக்கவில்லை. வேறொரு மாநிலத்தின் கலையையும் சேர்க்கச் சொல்லும் சிபிஎஸ்இ திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இணை மாநிலமாக ஜம்மு காஷ்மீர் அமைந்ததால், கணக்கு நோட்டில் தால் ஏரிப் படத்தை அச்சிட்டு ஒட்டி, கீழே ஒரு சதவீதக் கணக்கு எழுதிய செயல்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஏரிப் படத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் கணக்கு அப்படியே இருக்கும். கணக்கு தப்பினால் படைப்பு நொண்ட வேண்டும், பார்க்கும்போதே பிள்ளைக்கு அது தெரிய வேண்டும். அப்படிப்பட்ட இணைப்பைத்தான் நாம் தேட வேண்டும்.

எத்தனை பிள்ளைகளின் கை அதில் படும்? நாற்பது பேர் வகுப்பில் நான்கு பேர் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தால், அந்த நான்கு பேர் யார் என்பது பெரும்பாலும் முதல் நாளே தெரிந்துவிடும்.

எத்தனை பாடவேளை? பின்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், பல பாடங்களை இணைக்கும் பகுதி ஒன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும் என்கிறது. ஆண்டுக்கு ஒன்று! நாம் எல்லாப் பாடத்திலும் எல்லா வாரமும் என்று தொடங்கி ஆகஸ்டுக்குள் கைவிடுகிறோம். தமிழ்நாட்டு முப்பருவ முறையில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு இருக்கிறது. அதில் பாதி செயல்பாடுகளுக்கானது. கலை இணைந்த வேலையை அந்தச் செயல்பாடாகவே வைத்துக்கொண்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை.

அந்த ஆசிரியர் மாறுதலில் போனால்? ஒரே ஒருவரின் ஆர்வத்தில் நிற்கும் திட்டம் அவருடைய மாறுதல் ஆணையோடு முடிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு என்ன செலவு? முதல் ஆண்டுக்கு யாரோ பணம் தருவார்கள். உடைந்ததை மாற்ற, தீர்ந்ததை வாங்க அடுத்த ஆண்டு யார் தருவார்கள்?

## வழி 1: ரோபோட்டிக்ஸ் கிட்

அடல் டிங்கரிங் லேப் என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். மத்திய அரசின் அடல் புத்தாக்கத் திட்டத்தில், தேர்வாகும் பள்ளிக்கு ஐந்து ஆண்டுகளில் 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பாதி அமைப்பதற்கு, பாதி நடத்துவதற்கு. நிரல் ஏற்றி இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, சென்சார், முப்பரிமாண அச்சு இயந்திரம் எல்லாம் அதில் வரும். இதன் பாதிப்பில் சின்ன அளவில் கிட் விற்கும் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன.

முதல் கேள்வியில் கிட் தோற்கிறது என்று சொல்ல மாட்டேன். சரியாகக் கையாண்டால் நன்றாகவே தேறும். சக்கரத்தின் விட்டம் 6.5 செ.மீ. என்றால், ஒரு சுற்றில் வண்டி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 20.4 செ.மீ. அப்படியானால் ஒரு மீட்டர் போக எத்தனை சுற்று? வட்டத்தின் சுற்றளவைத் தப்பாகப் போட்ட குழுவின் வண்டி கோட்டுக்கு முன்பே நின்றுவிடும், அல்லது தாண்டிப் போகும். அதே வண்டியின் பின்னால் ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டினால் அது வரையும் வண்டியாகிவிடும். கணக்கு, இயற்பியல், ஓவியம் மூன்றும் அங்கே உண்மையிலேயே கலக்கின்றன.

ஆனால் கிட்டோடு வரும் கையேடு அப்படி இருப்பதில்லை. "சிவப்பு ஒயரை இங்கே செருகு, இந்த நிரலை அப்படியே ஏற்று" என்று போகும். பிள்ளைகள் செய்துமுடிப்பார்கள், வண்டி ஓடும், வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். எந்தப் பாடம் அதில் நடந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

மறைந்த செலவுகள்: பேட்டரி, அறுந்த ஒயர், தொலைந்த சின்னச் சின்ன உறுப்புகள். கம்பெனி அனுப்பும் பயிற்றுநருக்கான ஆண்டுக் கட்டணம். ஓர் ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு பயிற்றுநர் வராவிட்டால், பெட்டி பீரோவுக்குள் போய்விடும். இன்னொன்று: விலை உயர்ந்த பொருள் என்பதால் உடைந்துவிடுமோ என்ற பயம் ஆசிரியருக்கே இருக்கும். தொடப் பயப்படும் பொருளால் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

எப்போது இதுதான் சரி? மேல்நிலை வகுப்புள்ள பள்ளி, நிரந்தரமாக இருக்கும் கணினி ஆசிரியர் அல்லது ஆர்வமுள்ள இயற்பியல் ஆசிரியர், மாலையில் தங்கிச் செய்யும் பிள்ளைகள், இரண்டாம் ஆண்டுக்கும் உறுதியான பணம். இவை எல்லாம் இருந்தால் தயங்க வேண்டாம். நடுநிலைப் பள்ளிக்கு முதல் தேர்வாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 2: தரையில் கோலம், திரையில் ஸ்க்ராட்ச்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன். செலவு குறைவு, பாடம் ஆழம், ஆனாலும் கூட்டங்களில் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

நேர்புள்ளியாக 3 வரிசை வையுங்கள், வரிசைக்கு 4 புள்ளி. விதி இதுதான்: பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே கோடுகள் கட்டாயம் ஒன்றையொன்று வெட்ட வேண்டும், வெளி ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். இப்படிச் சிக்குக் கோலம் இழுத்தால், ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இப்போது 4க்கு 4 வையுங்கள். ஒரே கோட்டில் முடியாது, நான்கு தனித்தனிக் கோடுகள் வரும். 4க்கு 6 என்றால் இரண்டு. 6க்கு 9 என்றால் மூன்று. வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மீப்பெரு பொதுக் காரணியை வகுத்து வகுத்து எழுதிக் களைத்துப் போவார்கள். அதற்கு என்ன பயன் என்று கேட்டால் பதில் சொல்ல நமக்கே சிரமம். இங்கே அதைக் காலால் சுற்றி வந்து பார்க்கலாம். கோட்டுக்கு ஒரு நிறம் என்றால், 8க்கு 12 வைக்க எத்தனை நிறச் சுண்ணாம்புக் கட்டி வேண்டும் என்று வரைவதற்கு முன்பே கேளுங்கள். நான்கு என்று சொன்ன குழு சரியாக எடுத்துவரும். இரண்டு என்று சொன்ன குழு பாதியிலேயே நிறம் போதாமல் வந்து நிற்கும். அவர்களுக்கு யாரும் "தப்பு" என்று சொல்லத் தேவையே இல்லை. முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கோலத்துக்குள் கணினி இருப்பதைச் சொன்னவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும், ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் கோலங்களைக் கணினி மொழிக் கோட்பாட்டின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். அவர்களுடைய கட்டுரை 1974இல் வெளிவந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1967இல், அமெரிக்காவில் சேமூர் பேப்பர்ட்டும் சகாக்களும் லோகோ என்ற மொழியைப் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்தார்கள். பின்னாளில் அதன் அடையாளமாகிவிட்ட ஆமை, "முன்னே போ, திரும்பு" என்ற கட்டளைகளைக் கேட்டுக் கோடு வரையும். அந்த மரபில் அமெரிக்காவின் எம்ஐடியிலிருந்து 2007இல் பொதுவில் வந்ததுதான் ஸ்க்ராட்ச், கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் மொழி. இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும்.

தரையில் செய்த வேலையைத் திரைக்குக் கொண்டுபோகும்போது அடுத்த பாடம் தொடங்குகிறது. ஸ்க்ராட்ச் மேடையின் அகலம் 480, உயரம் 360, நடுவில் பூஜ்ஜியம். 3க்கு 4 புள்ளிகளை 60 இடைவெளியில் நடுவாக வைக்க வேண்டும். குறுக்கே −90, −30, 30, 90. நெடுக்கே −60, 0, 60. குறை எண்களும் ஆயத்தொலைகளும் புத்தகத்தில் இருந்தபோது பிடிக்காத பிள்ளை, புள்ளி திரைக்கு வெளியே ஓடிவிட்டதும் தானாகத் திருத்துவாள்.

கோணப் பாடத்துக்கும் இது பொருந்தும். அறுகோணம் வரையச் சொன்னால் பிள்ளைகள் 120 டிகிரி திரும்பச் சொல்வார்கள், ஏனென்றால் அறுகோணத்தின் உட்கோணம் 120 என்று படித்திருக்கிறார்கள். திரையில் வருவது முக்கோணம்! திரும்ப வேண்டியது வெளிக்கோணம், 60. ஐங்கோணத்துக்கு 108 கொடுத்தால் ஐந்து கோடு போட்ட பிறகும் உருவம் மூடாது. வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்ற தேற்றத்தை இப்படிப் பிடித்தவர்கள் மறப்பதில்லை. பேனா கட்டளைகளால் கோடு வரையும்போது முதலில் இந்தப் பலகோணங்களைச் செய்துவிட்டு, அப்புறம் கோலத்துக்குப் போவது நல்லது. கோலத்தின் வளைவுகள் ஸ்க்ராட்சில் கொஞ்சம் கடினம். ஓரங்களை நேர்கோட்டில் மடக்கி வரைந்தாலும் கோடுகளின் எண்ணிக்கை மாறாது.

கணக்கு உருவங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் மென்பொருளான ஜியோஜீப்ராவையும் இதே வரிசையில் சேர்க்கலாம். நம் கணக்குப் புத்தகங்களில் உள்ள இணையச் செயல்பாட்டுப் பக்கங்களில் அதற்கான இணைப்புகள் இருக்கின்றன. ஆனால் அங்கே பிள்ளை பெரும்பாலும் யாரோ செய்துவைத்த படத்தில் ஸ்லைடரை நகர்த்திப் பார்க்கிறாள். பார்ப்பது வேறு, தானே உண்டாக்குவது வேறு. முடிந்தால் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு பணத்தில் இல்லை. ஆசிரியரின் நேரத்தில் இருக்கிறது. ஸ்க்ராட்சை ஒரு முறை தானே செய்துபார்க்காமல் வகுப்புக்குப் போக முடியாது. அரசுப் பள்ளிகளின் கணினி அறையான ஹைடெக் லேப் இணையவழித் தேர்வுகளுக்கும் பயிற்சிகளுக்கும் எடுத்துக்கொள்ளப்படும் நாட்கள் அதிகம். அதன் கணினிகளில் மென்பொருள் நிறுவ யாருடைய அனுமதி வேண்டும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கணினியே கிடைக்காத வாரத்திலும் தரைக் கோலம் நடக்கும் என்பது இந்த வழியின் பெரிய பலம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. "கோலம் பொம்பளைப் பிள்ளைங்க வேலை" என்று பையன்கள் ஒதுங்குவார்கள். சில வீடுகளில் கோலம் போடும் வழக்கமே இருக்காது. அந்தப் பிள்ளைகள் தங்களுக்கு இது அந்நியம் என்று நினைக்கக் கூடாது. அங்கோலாவின் சோக்வே மக்களின் 'சோனா' என்ற மணல் ஓவியங்களைக் காட்டுங்கள். அங்கே கதை சொல்லிக்கொண்டே புள்ளிகளைச் சுற்றிக் கோடு இழுப்பவர்கள் ஆண்கள். கணக்கு அதேதான். மொசாம்பிக்கைச் சேர்ந்த பவுலஸ் கெர்டஸ் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சமூக அறிவியல் ஆசிரியரும் உள்ளே வர அங்கே ஒரு கதவு திறக்கிறது.

## வழி 3: கலைஞரைப் பள்ளிக்கு அழைப்பது

பறைக் கலைஞர் ஒருவர் வகுப்புக்கு வந்தால் எட்டாம் வகுப்பு 'ஒலி' பாடம் எப்படி நடக்கும் என்று பாருங்கள். வாசிப்பதற்கு முன் பறையைக் காய்ச்சுவார்கள். சூட்டில் தோலின் ஈரம் போகும், இழுவிசை கூடும், சுருதி ஏறும். பள்ளியில் தீ மூட்ட வேண்டாம், நல்ல வெயிலே போதும். காய்ச்சுவதற்கு முன்பும் பின்பும் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், அதிர்வெண் ஏறியதைக் காதால் கேட்டதைப் போலவே கண்ணாலும் பார்க்கலாம்.

கணக்கும் உண்டு. ஒரு வரிசை மூன்று மாத்திரைக்கு ஒரு தட்டு, இன்னொரு வரிசை நான்குக்கு ஒரு தட்டு. பன்னிரண்டில் இரண்டும் சேர்ந்து விழும். மீச்சிறு பொது மடங்கை எண்ணத் தவறிய பிள்ளையின் தட்டு தனியாகக் கேட்கும். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஈடுபடும் செயல்பாடு இது, கருவி கூட வேண்டாம்.

தோல்பாவைக் கூத்து ஒளிப் பாடத்துக்குப் பொருத்தம். விளக்குக்கும் திரைக்கும் சரிபாதியில் பாவையைப் பிடித்தால் நிழல் இரண்டு மடங்கு. திரையை ஒட்டிப் பிடித்தால் அளவும் ஏறக்குறைய அதேதான், ஓரமும் கூர்மை. குரங்கை மலையளவு பெரிதாக்கிக் காட்ட வேண்டிய காட்சியில் எங்கே நிற்பது என்பதை வடிவொத்த முக்கோணம்தான் சொல்லும். கலைஞர் கிடைக்காத ஊரில் பழைய வேட்டியும் கைபேசி டார்ச்சும் அட்டையும் வைத்து இதைச் செய்யலாம்.

கூத்து? கிராம சபை, உள்ளாட்சி போன்ற சமூக அறிவியல் பாடங்களுக்கு அது நன்றாக அமையும். ஆனால் நாடகத்தில் ஓர் ஆபத்து உண்டு: தகவல் தப்பாக இருந்தாலும் நாடகம் நடந்துவிடும், கைதட்டலும் விழும். இதற்குக் கூத்துக்குள்ளேயே மருந்து இருக்கிறது, கட்டியக்காரன். எங்கே வேண்டுமானாலும் குறுக்கிட்டு யாரை வேண்டுமானாலும் கேள்வி கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. பாடத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த வேடத்தைக் கொடுங்கள். தலைவர் தன்னிஷ்டத்துக்குத் தீர்மானம் போட்டால், "யாரைக் கேட்டுப் போட்டீங்க? கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்று கட்டியக்காரன் நிறுத்துவான். அதற்குப் பதில் தெரியாவிட்டால் காட்சி நகராது.

செலவுக்கு வருவோம். கலைஞரின் ஊதியம், பயணம், சாப்பாடு. இதில் பேரம் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கிட்டுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கும் பள்ளி, கலைஞரிடம் மட்டும் "நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்காக" என்று சலுகை கேட்பது தவறு. வந்த அன்றே பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஆசிரியர்களுக்குப் போடும் நாற்காலியே அவருக்கும். பறையை இழிவாகப் பேசும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அதனால் அவர் யார், என்ன தெரிந்தவர் என்பதைத் தலைமையாசிரியரே முன்கூட்டிப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தயாராக இல்லாத பள்ளி அவரை அழைக்காமலிருப்பதே மேல்.

காலமும் முக்கியம். வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் திருவிழாக்கள் பங்குனி முதல் ஆடி வரை நடக்கும். விடிய விடிய ஆடுபவரைக் காலையில் பள்ளிக்கு அழைப்பது கொடுமை. மழைக்காலத்தில் திறந்தவெளி சரிப்படாது. புரட்டாசியில் ஒரு வாரம், தையில் ஒரு வாரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருந்தால், வெளியிலிருந்து அழைப்பதற்கு முன் அவரிடம் பேசுங்கள். 2012இல் பணியில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில் குறைந்த சம்பளத்துக்கு நியமிக்கப்பட்டவர்கள். அறிவியல் ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிடும் நேரம் அந்தக் கணக்கில் இல்லை. நன்கொடையில் ஒரு பகுதி அந்தக் கூடுதல் நேரத்துக்குப் போகுமானால் அது நல்ல செலவு.

## வழி 4: கைபேசியில் படமும் ஒலியும்

ஒவ்வொரு படமாக எடுத்து ஓடவிடும் ஸ்டாப் மோஷன் முறைக்குக் கைபேசியும், அதை அசையாமல் வைக்க நான்கு புத்தகங்களும் போதும். நொடிக்கு 12 படம் என்றால் 20 நொடிக்கு 240 படம். 8 படம் என்றால் 160. இதைப் பிள்ளைகளே கணக்கிட்டு, நேரத்துக்குத் தகுந்தபடி கதையைச் சுருக்குவார்கள்.

ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்துக்கு இது அருமையான துணை. ஒரு பந்து கீழே விழுவதை எடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லாரும் ஒரே அளவாக நகர்த்துவார்கள். ஓட்டிப் பார்த்தால் பந்து விழுவது போலவே இருக்காது, கயிறு கட்டி இறக்குவது போல இருக்கும். முதல் நகர்வு 1 செ.மீ. என்றால் அடுத்தது 3, அப்புறம் 5, 7, 9 என்று மாற்றி எடுத்ததும் பந்து உயிர் பெறும். சமமான நேரங்களில் கடக்கும் தொலைவு ஏன் இப்படி ஒற்றைப்படையாக வளர்கிறது என்ற கேள்வி வகுப்பிலிருந்தே எழும்.

தமிழ், சமூக அறிவியலுக்கு வீடியோவை விட ஒலிப்பதிவையே பரிந்துரைப்பேன். ஊரில் கிணறு வெட்டியவரை, நெசவாளரைப் பேட்டி எடுத்து ஐந்து நிமிடமாகச் சுருக்கும் பிள்ளை, கேள்வி கேட்கவும், கேட்டதை வரிசைப்படுத்தவும், வேண்டாததை வெட்டவும் பழகுகிறாள். வீடியோ என்றால் பாதி நேரம் தலைசீவுவதிலும் பின்னணி தேடுவதிலும் போய்விடுகிறது.

மறைந்த செலவு எடிட்டிங். மூன்று பாடவேளையில் எடுத்ததை ஆசிரியர் இரவில் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவார். இல்லாவிட்டால் கெட்டிக்கார மாணவன் ஒருவனே எல்லாக் குழுவுக்கும் செய்துகொடுப்பான். எடுத்த வரிசையிலேயே ஓடட்டும், வெட்டுவது கிடையாது என்று விதி வைத்துவிட்டால் இது பெருமளவு குறையும். அடுத்தது பாதுகாப்பு. பிள்ளைகளின் முகம், பெயர், பள்ளிச் சீருடை தெரியும் எதையும் பொதுவெளியில் ஏற்றக் கூடாது. பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகும் பள்ளிக்குள்ளேயே திரையிடுவதுதான் நல்லது.

## ஒரே பார்வையில்

| | ரோபோ கிட் | கோலம், ஸ்க்ராட்ச் | கலைஞர் வருகை | கைபேசி |
|---|---|---|---|---|
| பாடம் தப்பினால் தப்புமா? | கையேட்டை விட்டு விலகினால் மட்டும் | உடனே தெரியும் | தாளம், நிழலில் ஆம். நாடகத்தில் கட்டியக்காரன் தேவை | அசைவூட்டத்தில் ஆம். பேட்டியில் ஆசிரியர் பார்க்க வேண்டும் |
| கை படும் பிள்ளைகள் | கிட்டுக்கு நான்கைந்து பேர் | தரையில் எல்லாரும், திரையில் இருவருக்கு ஒரு கணினி | எல்லாரும் | கைபேசிக்கு ஐந்தாறு பேர் |
| பாடவேளை | அதிகம், மாலை நேரமும் வேண்டும் | தரையில் ஒன்றிரண்டு, திரையில் நான்கைந்து | ஒரு வாரம் சேர்ந்தாற்போல் | மூன்று, நான்கு |
| ஆசிரியர் மாறினால் | பெரும்பாலும் நின்றுவிடும் | தொடரலாம் | கலைஞர் உள்ளூர்க்காரர் என்றால் தொடரும் | தொடரலாம் |
| இரண்டாம் ஆண்டு செலவு | அதிகம் | சுண்ணாம்புக் கட்டி | முதல் ஆண்டு அளவே | மிகக் குறைவு |

## எந்தப் பள்ளிக்கு எது?

ஆறு முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளி, ஓரளவு பணம், கணினி ஆசிரியர் இல்லை என்றால்: முதல் பருவத்தில் தரைக் கோலத்தோடு தொடங்குங்கள். அதற்குப் பணமே வேண்டாம். வந்த தொகையை முழுக்கக் கலைஞர் ஊதியத்துக்கும் ஓவிய ஆசிரியரின் திட்டமிடும் நேரத்துக்கும் ஒதுக்கி, இரண்டு ஆண்டுக்குப் பிரித்து வையுங்கள். கிட் வேண்டாம்.

உயர்நிலைப் பள்ளி, ஹைடெக் லேப் ஓடுகிறது என்றால் ஒன்பதாம் வகுப்பை மையமாக வைத்து ஸ்க்ராட்சும் பந்து விழும் படமும். பத்தாம் வகுப்பில் பெரிய திட்டம் எதையும் தொடங்காதீர்கள். அங்கே ஆசிரியர் மேல் இருக்கும் தேர்வு அழுத்தம் உண்மையானது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்க்ராட்ச் பாடமாக வந்திருக்கிறது. ஒன்பதில் கைபழகிய பிள்ளைகளுக்கு அது சுமையாக இருக்காது.

மேல்நிலைப் பள்ளி, கணினி ஆசிரியர் நிலையாக இருக்கிறார், நன்கொடையாளரும் மூன்று ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தருகிறார் என்றால் கிட் வாங்கலாம். வாங்கும் முன் கம்பெனியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உறுப்புகளைத் தனித்தனியாகக் கடையில் வாங்க முடியுமா, உங்களிடம்தான் வாங்க வேண்டுமா? பயிற்றுநர் இல்லாமல் எங்கள் ஆசிரியரே நடத்தும் அளவுக்கு எத்தனை நாள் பயிற்சி தருவீர்கள்? எங்கள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் எந்தப் பாடத்தை இதில் நடத்தலாம், ஒன்றைச் செய்து காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் அங்கேயே உட்கார்ந்து செய்து காட்டினால் நல்ல கம்பெனி.

கலைத் திருவிழாப் போட்டிகளுக்குத் தயார் செய்வதையும் இதையும் சிலர் ஒன்றாக்கிக்கொள்கிறார்கள். போட்டிக்குத் திறமையானவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அது அதன் இயல்பு. வகுப்பறை இணைப்பில் கடைசி வரிசைப் பிள்ளையும் உள்ளே இருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள்.

சரி, இன்னும் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால், வழிகளை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் பாடத்தைப் பாருங்கள். சென்ற ஆண்டு விடைத்தாள்களை எடுத்துவைத்து, வகுப்பில் பாதிக்கு மேல் தடுமாறிய ஒரு கருத்தைக் கண்டுபிடியுங்கள். பின்னமா, வெளிக்கோணமா, அதிர்வெண்ணா, கிராம சபையின் அதிகாரமா? அந்த ஒன்றுக்கு எந்தக் கலையில் பிழை தானாகத் தெரியும் என்று கணக்கு, அறிவியல், ஓவிய ஆசிரியர்கள் மூவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். அதற்குத் தேவையான பொருட்களை எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். கம்பெனியின் விலைப்பட்டியலுக்குப் பதிலாக உங்கள் பட்டியல் மேசைக்கு வரட்டும்.